வால்வு ஆம்ப், பிளேனார் ஸ்பீக்கர்: கேள்வி பதில்

கே: 300பி வால்வில் சிங்கிள் எண்டட் (ஒரு பக்கத்துக்கு ஒரே பவர் வால்வு) ஆம்ப் கட்டி முடித்துவிட்டேன், 8 வாட். என் பிளேனார் மேக்னெடிக் ஸ்பீக்கருக்கு (கோனுக்குப் பதில் கம்பி ஒட்டிய மெல்லிய ஃபிலிம் அதிரும் வகை; 4 ஓம், 86 டிபி என்று போட்டிருக்கிறது) போதுமா சார்?

ப: பாடும், ஆனால் காது நிறையாது. 86 டிபி என்று போட்டிருப்பது பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்த கணக்கு. 8 ஓமில் அது 1 வாட், உங்கள் 4 ஓமில் 2 வாட். ஆக, வாட்டுக்கு 83 டிபிதான். 8 வாட்டையும் கொட்டினாலும் ஒரு மீட்டரில் 92. தனிக்குரல் கேட்கலாம், டிரம் விழுந்தால் ஆம்புக்கு மூச்சு வாங்கும். கேடி88 வால்வு ஜோடியைப் புஷ்-புல்லில் போட்டு 50 வாட் எடுத்தால் 100 டிபி வரும். அங்கிருந்து தொடங்குங்கள்.

கே: 4 ஓம் ஸ்பீக்கரை ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரின் 8 ஓம் டேப்பில் (ஸ்பீக்கர் முனையில்) கொடுக்கலாமா?

ப: கொடுத்தால் 6.6 கே (கிலோ ஓம்) பிரைமரி, அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் வால்வுப் பக்கம், வால்வுக்கு 3.3 கே ஆகத் தெரியும். டிஸ்டார்ஷன் ஏறும். டேப் மாற்றும் முன் கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பை ஓட்டவே ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கே: இஎல்84 வால்வு, 5 வாட் போதுமா?

ப: முதல் பதில்.

கே: உங்கள் வால்வு ஆம்பின் டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஓமை ஆம்பின் சொந்த ஓமால் வகுத்தது) வெறும் 4. பாஸ் தொளதொளவென்று இருக்கும். டிரான்சிஸ்டர்தான் சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

ப: கோன் ஸ்பீக்கருக்கு ஒப்புக்கொள்கிறேன். அதன் இம்பீடன்ஸ் (ஓம் கணக்கு) ரெசனன்ஸில், அதாவது கோன் தானாக அதிரும் ஸ்வரத்தில், மலைபோல் ஏறும், அங்கே வால்வு ஆம்ப் பாஸைத் தூக்கிவிடும். பிளேனாரில் ஃபிலிமில் ஒட்டிய கம்பிதானே? இண்டக்டன்ஸ் சொற்பம், இம்பீடன்ஸ் கோடு கிட்டத்தட்ட நேராகப் போகும். ஆம்பின் சொந்த 1 ஓம் எல்லா ஸ்வரத்திலும் ஒரே அளவு, சுமார் 1.9 டிபி, வெட்டும். வால்யூமைக் கொஞ்சம் திருப்பினால் தீர்ந்தது.

கே: அளவு சரி, கட்டுப்பாடு?

ப: விடமாட்டீர்கள் போல! அந்தக் கம்பியின் ரெசிஸ்டன்ஸே கிட்டத்தட்ட 4 ஓம், அதுவும் சர்க்யூட்டில் தொடராக உட்கார்ந்திருக்கிறது. உங்கள் டிரான்சிஸ்டர் ஆம்ப் 0.01 ஓம் என்றால் மொத்தம் 4.01. என்னுடையது 5. இவ்வளவுதான் வித்தியாசம். ஃபிலிமை அடக்குவதில் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு.

கே: பாஸே இல்லை. சுவரை ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.

ப: பின்பக்கமும் அதே ஒலி, எதிர் ஃபேஸில் வருகிறது; சுவரில் பட்டுத் திரும்பி முன்பக்க பாஸை அழித்துவிடும். ஒரு மீட்டராவது முன்னே இழுங்கள்.

கே: 2ஏ3 வால்வு, 3.5 வாட் போதுமா?

ப: மேலே போய்ப் படியுங்கள், தம்பி.

கே: எந்தக் கேபிள் இனிமை?

ப: தடிமனான செம்பு. மற்றது என் துறை இல்லை.

கே: ஆம்பில் ஹம் (உம்ம்ம் என்ற இரைச்சல்) அடிக்கிறது. ஸ்விட்சை அணைத்துவிட்டேன், உள்ளே கை வைக்கலாமா?

ப: கூடாது! கெபாசிட்டரில் 450 வோல்ட் அப்படியே நிற்கும். என் ஸ்க்ரூடிரைவர் முனையில் அப்படி விழுந்த கருகிய பள்ளம் இன்னும் இருக்கிறது. 100 மைக்ரோஃபாரடுக்குக் குறுக்கே 220 கே, 3 வாட் பிளீடர் (சார்ஜை மெல்ல வடிக்கும் ரெசிஸ்டர்) போட்டால் இரண்டு நிமிடத்தில் சில வோல்ட்டுக்கு இறங்கும். பிளீடரே அறுந்திருக்கலாம், மீட்டர் வைத்துப் பாருங்கள். அப்புறம் வால்வுகளின் ஹீட்டர் கம்பிகளை முறுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 83 டிபி ஸ்பீக்கரிலேயே கேட்கிறதென்றால் அது சின்ன ஹம் இல்லை.