அரிசோனாவில் எந்தப் போலீஸுக்கு எங்கே அதிகாரம்?

பீனிக்ஸ் பக்கம் குடிவரப் போகிறேன், சிட்டி போலீஸ், ஷெரிஃப், ட்ரூப்பர் என்று ஆளுக்கொரு பேர் சொல்கிறார்களே, இதில் யார் பெரியவர் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பதினெட்டு வருஷமாக பீனிக்ஸை ஒட்டியுள்ள சாண்ட்லரில் இருக்கிறேன். யாரும் யாருக்கும் பெரியவர் இல்லை. டிஜிபி முதல் கான்ஸ்டபிள் வரை ஒரே ஏணி இங்கே கிடையாது. எல்லை மாறினால் போலீஸும் மாறும்.

ஊருக்குள் சிட்டி போலீஸ். ஹைவேயில் மாநில அரசின் டிபிஎஸ் (பொதுப் பாதுகாப்புத் துறை) போலீஸ்காரர், அவரைத்தான் ட்ரூப்பர் என்பார்கள். மெக்சிகோ எல்லையில் இருக்கும் நொகாலஸ் போய்விட்டுத் திரும்பினால் ஐ-19 ஹைவேயில் டூபாக் அருகே எல்லைக் காவல் படை நிறுத்தி, எந்த நாட்டுக்காரர் என்று கேட்கும். விசாவில் இருப்பவர் பாஸ்போர்ட்டும் ஐ-94ம் (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) கையோடு வைத்திருங்கள்.

ஷெரிஃப் கதையே வேறு. அவர் கவுண்டியின், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான பகுதியின், போலீஸ் தலைவர். அரிசோனாவின் 15 கவுண்டிகளிலும் நாலு வருஷத்துக்கு ஒரு முறை மக்கள் ஓட்டுப் போட்டு ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவர்னர் நினைத்தாலும் வேலையை விட்டு எடுக்க முடியாது. இங்கே மரிகோப்பா கவுண்டியில் ஜோ அர்பாயோ 1993 முதல் 2016 வரை அந்த நாற்காலியில் இருந்தார். லத்தீனோ என்பதற்காகவே அவருடைய ஆட்கள் வண்டிகளை நிறுத்தினார்கள் என்று 2013இல் ஃபெடரல் கோர்ட் சொன்னது. அப்படி நிறுத்தக் கூடாது என்ற கோர்ட் உத்தரவை மீறியதற்காக 2017இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அடுத்த மாதமே டிரம்ப் மன்னிப்புக் கொடுத்தார். அந்த வருஷங்களில் நானும் இதே ரோட்டில், இதே மாநிறத்தோடு வண்டி ஓட்டியவன். 2024இல் முதல் முறை ஓட்டுப் போட்டபோது, ஜனாதிபதிக்கு முன்னால் ஷெரிஃப் பெயரைத்தான் சீட்டில் தேடினேன்.

பலருக்குத் தெரியாத இன்னொரு போலீஸ் உண்டு, பழங்குடி தேசங்களின் போலீஸ். அமெரிக்கப் பழங்குடிகள் தங்கள் நிலத்தில் சொந்த அரசும் கோர்ட்டும் வைத்திருக்கிறார்கள், நவஹோ தேசம் அதில் ஒன்று. 2019 அக்டோபரில் நவஹோ நிலத்தில் இருக்கும் மான்யுமென்ட் வேலியிலிருந்து வரும்போது, கயெண்டா ஊருக்கு முன்னால் ராத்திரி டயர் வெடித்தது. செல்லில் சிக்னல் இல்லை. (மணி மட்டும் ஒரு மணி நேரம் கூடக் காட்டியது. கோடையில் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் வழக்கம் அரிசோனாவில் இல்லை, நவஹோ தேசத்தில் உண்டு.) நவஹோ போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார். நான் ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாட்டும்வரை டார்ச் பிடித்தார். அந்தப் பக்கம் முழுக்க அன்றைக்கு ட்யூட்டியில் தான் ஒருத்தர்தான் என்றார். வெளியாள் ஒருவர் குடித்துவிட்டு ஓட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பிடித்து வைப்பேன். எங்கள் கோர்ட்டில் நிறுத்த முடியாது. கவுண்டி ஆளோ டிபிஎஸ் ஆளோ வரும்வரை காத்திருப்பேன்."

காரணம் 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒலிஃபன்ட் தீர்ப்பு. பழங்குடியல்லாதவர் மேல் குற்ற வழக்கு நடத்தப் பழங்குடி நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. கொலை செய்தவர் நவஹோ என்றாலோ, 1885இல் போட்ட சட்டப்படி எஃப்பிஐ வரும். சொந்த மண்ணில் தங்களைத் தாக்கியவனைத் தாங்களே விசாரிக்க முடியாதது எவ்வளவு பெரிய அநியாயம்! மனைவியை, காதலியை அடிக்கும் வெளியாளை விசாரிக்க 2013இல்தான் சட்டம் வழி விட்டது. டூசான் அருகே இருக்கும் பாஸ்குவா யாக்கி பழங்குடி, அதை 2014இல் முதலில் கையில் எடுத்த மூன்றில் ஒன்று.

அந்தப் பக்கம் போனால் வண்டியில் பீர்கூட வேண்டாம், நவஹோ தேசத்தில் மதுவுக்குத் தடை. ரோட்டோர மைல்போஸ்ட் எண்ணைப் பார்த்துக்கொண்டே போங்கள். 911ஐக் கூப்பிட்டால் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.