நேப்பிள்ஸ் சீட்டுக்கட்டில் ராணி எங்கே?

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் வாங்கிய சீட்டுக்கட்டில் 40 சீட்டுகள்தான் இருக்கின்றன, ராணியே இல்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைத் திட்டாதீர்கள், பாவம், கட்டு முழுமையானதுதான். அந்த ஊர்ப் பாணியில் காசு, கோப்பை, வாள், தடி என்று நான்கு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஏழு வரை, பிறகு சேவகன், குதிரைவீரன், ராஜா. ராணிக்கு அங்கே வேலையே இல்லை. மூலையில் எண்ணும் இருக்காது. படங்களைத்தான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

தடி மூன்றை எடுத்துப் பாருங்கள்: தடிகள் கூடும் இடத்தில் மீசை வைத்த கோரமுகம் ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும். காசு ஆஸில், அதாவது ஒன்றாம் சீட்டில், இரட்டைத்தலைக் கழுகு. இரண்டும் இருந்தால் நேப்பிள்ஸ் பாணியேதான். ரம்மியை மறந்துவிட்டு ஸ்கோப்பா என்ற இத்தாலியச் சீட்டாட்டத்தை ஆடுங்கள். அதில் காசு ஏழாம் சீட்டைப் பிடித்தவருக்குத் தனியே ஒரு புள்ளி உண்டு.