சான் ஆண்ட்ரியாஸா, ஜிடிஏ ஃபைவா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வீடியோ கேம் வரிசையில் சான் ஆண்ட்ரியாஸை எத்தனை தடவை முடித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஜிடிஏ ஃபைவ் கதையை இப்போதுதான் முடித்தேன். பார்க்க அட்டகாசமாக இருக்கிறது, ஓட்டவும் சுடவும் சுகமாக இருக்கிறது. ஆனாலும் முடித்ததும் "அவ்வளவுதானா" என்று இருந்தது. குறை கேமிலா, எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

பாவம், வயதை விட்டுவிடுங்கள். அந்த "அவ்வளவுதானா"வுக்குக் காரணம் கேமுக்குள்ளேயே இருக்கிறது.

2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த சான் ஆண்ட்ரியாஸ் எப்படித் தொடங்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மா இறந்த செய்தி கேட்டு ஐந்து வருடம் கழித்து ஊர் திரும்புகிறான் நாயகன் சிஜே. வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் டென்பென்னி என்கிற போலீஸ்காரன் அவனைக் காரில் ஏற்றி, இருந்த பணத்தையும் பிடுங்கிக்கொண்டு, எதிரி கும்பலின் ஏரியாவில் தள்ளிவிட்டுப் போகிறான். கிடைப்பது ஒரு சைக்கிள். அதை மிதித்துக்கொண்டுதான் தன் வீடு இருக்கிற குரோவ் தெருவுக்கு வந்து சேர வேண்டும். அப்புறமும் லாஸ் சாண்டோஸ் நகரம் மட்டும்தான் உங்களுக்கு. கதை அனுமதிக்கும் முன் ஊர் எல்லையைத் தாண்டினால் நான்கு நட்சத்திரம் ஏறி போலீஸ் மொத்தமும் துரத்தும். ஒரு நகரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, சந்து பொந்தெல்லாம் பழகி, இது நம்ம ஏரியா என்று ஆன நேரத்தில் நம்பியவர்களே துரோகம் செய்கிறார்கள், சிஜேயைக் கொண்டுபோய் ஏஞ்சல் பைன் என்கிற பட்டிக்காட்டில் போடுகிறார்கள். சுற்றிலும் காடு, மலை, டிராக்டர். அங்கிருந்து சான் ஃபியரோ நகரம், அப்புறம் பாலைவனம், அங்கே விமானம் ஓட்டப் படிப்பது, அப்புறம் லாஸ் வென்சுராஸ் சூதாட்ட விடுதிகள், கடைசியில் மறுபடி குரோவ் தெரு. மேப் திறப்பதும் கதை நகர்வதும் ஒன்றாகவே நடக்கிறது. திரும்பி வரும்போது அந்த முட்டுச்சந்தைப் பார்த்தால் ஏதோ செய்கிறதே, அதற்காக கேம் உங்களை எத்தனை மணி நேரம் வெளியே அலையவிட்டது என்று பாருங்கள்.

2013 செப்டம்பரில் வந்த ஃபைவ், பனி கொட்டும் முன்கதை முடிந்ததுமே மொத்த மேப்பையும் திறந்து வைத்துவிடுகிறது. வேண்டுமென்றால் உடனே ஒரு காரைத் தூக்கிக்கொண்டு வடகோடிக் கடற்கரை வரை போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. நல்ல சுதந்திரம்தான். ஆனால் போய்ச் சேர இன்னொரு நகரம் கிடையாது. சான் ஃபியரோவும் இல்லை, லாஸ் வென்சுராஸும் இல்லை. லாஸ் சாண்டோஸும் அதைச் சுற்றிய பிளெய்ன் கவுண்டியும்தான். எங்கே போனாலும் கடைசியில் அதே ஊருக்குத்தான் வருகிறீர்கள்.

இரண்டாவது, உடம்பு. சிஜேவுக்குப் பசிக்கும். பர்கர் பர்கராகத் தின்றால் தொப்பை போடும், ஓட முடியாது, தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கிண்டல் செய்வான். அளவுக்கு மீறினால் கடையிலேயே வாந்தி எடுப்பான். ஜிம்முக்குப் போனால் தோள் விரியும், பட்டினி போட்டால் முதலில் கொழுப்பும் அப்புறம் தசையும் கரையும். இரண்டு பேர் விளையாடினால் இருவரின் சிஜேவும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். ஃபைவில் பலம், மூச்சு, குறி பார்க்கும் திறன் என்று அளவுகோல்கள் எல்லாம் இருக்கின்றன, ஏறவும் செய்கின்றன. ஆனால் மூன்று நாயகர்களில் ஒருவரான மைக்கேலைக் கதை முழுக்க ஓடவிட்டாலும் அவருடைய உடம்பு ஒரு சுற்றுக்கூட இளைக்காது. முடிவெட்டலாம், சட்டை மாற்றலாம், பச்சை குத்தலாம். அவ்வளவுதான் உங்களுக்கு உரிமை.

அதற்காக ஃபைவைத் தள்ளிவிட முடியாது. அந்த நகைக்கடைக் கொள்ளை ஒன்று போதும். சத்தமாகத் துப்பாக்கியோடு நுழைவதா, மயக்க வாயுவை உள்ளே விட்டு அமைதியாக அள்ளுவதா என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். கூலி மிச்சம் பிடிக்க நார்ம் என்கிற கத்துக்குட்டியைக் கூட்டிப் போனால், தப்பிக்கும்போது பைக்கிலிருந்து விழுந்து செத்துப்போவான், அவனிடம் இருந்த பையை நீங்கள்தான் ஓடிப்போய் எடுக்க வேண்டும். கஞ்சத்தனத்துக்கு இப்படித் தண்டனை கொடுக்கிற கேம்கள் குறைவு. ஒரு நாயகனிலிருந்து இன்னொருவருக்கு ஆள் மாற்றுகிற வித்தையும் அப்படித்தான்: கேமரா விர்ரென்று வானத்துக்கு ஏறி இன்னொரு இடத்தில் இறங்கும், அங்கே இன்னொரு நாயகன் டிரெவர் பெண்கள் கவுனைப் போட்டுக்கொண்டு எங்கேயோ மலை உச்சியில் விழுந்து கிடப்பார். நீங்கள் இல்லாதபோதும் அவர்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று நம்பவைக்க இதைவிட நல்ல வழி அப்போது யாரிடமும் இல்லை.

சிக்கலும் அதே வித்தையில்தான். மூன்றாவது நாயகன் ஃபிராங்க்ளினோடு ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கிறீர்கள், சேரித் தெருவிலிருந்து மேலே வர நினைக்கிற பையன், சிஜேவுக்கு நெருங்கிய சொந்தம் மாதிரி ஒரு பாத்திரம். அதற்குள் கதை மைக்கேலின் குடும்பச் சண்டைக்குப் போய்விடுகிறது, அப்புறம் டிரெவர் வந்து மொத்த மேடையையும் எடுத்துக்கொள்கிறார். பாதிக் கதைக்கு மேல் ஃபிராங்க்ளின் பக்கத்தில் நின்று "சரி, செய்யலாம்" என்று தலையாட்டுகிற ஆளாகிவிடுகிறான். மூன்று பேரை எழுதியிருக்கிறார்கள், ஒருவரோடும் கடைசிவரை நடக்கவிடவில்லை.

ஆக, கட்டுப்பாடு, துப்பாக்கிச் சண்டை, நகரத்தின் நுணுக்கம், மிஷன்களின் வகை என்று எதை எடுத்தாலும் ஃபைவ் தாண்டிவிட்டது, இதில் வாதமே வேண்டாம். ஒரு ஆளோடு சேர்ந்து நீண்ட தூரம் போய் வந்த உணர்வில் அது சான் ஆண்ட்ரியாஸைத் தொடவில்லை. உங்களுக்கு அந்தப் பயண உணர்வுதான் வேண்டியிருந்தது.

கேள்வி: ஃபைவின் மேப் ரொம்பப் பெரியது என்கிறார்கள். விளையாடும்போது எனக்கு சான் ஆண்ட்ரியாஸ்தான் பெரிதாகத் தெரிகிறது. பிரமையா?

பிரமைதான், ஆனால் தானாக வந்ததில்லை, சூழ்நிலையே அப்படி. பிளேஸ்டேஷன் 2-இல் இருந்த நினைவகம் 32 எம்பி. இன்று செல்போனில் எடுக்கிற சின்ன வீடியோவே அதைவிடப் பெரிதாக இருக்கும். சான் ஆண்ட்ரியாஸ் என்கிற மொத்தக் கற்பனை மாநிலத்தையும் அதற்குள் வைக்க முடியாது, ஆகவே நீங்கள் ஓட்டிக்கொண்டு போகும்போதே முன்னால் வருகிறதை டிஸ்கிலிருந்து படித்து வைத்து, பின்னால் விட்டதைத் தூக்கிப்போட வேண்டும். தூரத்தில் இருப்பதை வரைய வலு கிடையாது. அந்த இயலாமையை மறைக்கத்தான் மங்கலான புகைமூட்டம். அதனால் ஒரு மலைக்கு இந்தப்பக்கம் நிற்கிறவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற நகரம் தெரியாது. சாலைகளையும் நேராகப் போடாமல் வளைத்து வளைத்து, மேடு பள்ளமாகப் போட்டார்கள். கொஞ்ச தூரத்தைக் கடக்கவே நிறைய நேரம் போகும்.

இதை நிரூபிக்க யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கவில்லை, 2021 நவம்பரில் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் என்கிற புதுப்பித்த பதிப்பே நிரூபித்துவிட்டது. புது எஞ்சினில் புகையை விலக்கிவிட்டுப் பார்த்தால், விமானத்தில் கொஞ்சம் மேலே ஏறியதுமே மூன்று நகரங்களும் பக்கத்துப் பக்கத்தில் பொம்மை வீடுகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. கேமிலேயே உயரமான சிலியாட் மலை ஒரு மேடு. மாநிலம் என்று நாம் நம்பியதெல்லாம் புகை போட்ட மந்திரம். ஃபைவின் மேப் உண்மையிலேயே இதைவிட நன்றாகப் பெரியது. ஆனால் மலைமேல் நின்றால் நகரம் முழுக்கத் தெரிகிறது, வேகமான காரில் நெடுஞ்சாலை பிடித்தால் சில நிமிடங்களில் ஒரு சுற்று வந்துவிடலாம். தெரிகிற இடம் சின்னதாகத்தானே படும்.

கேள்வி: அப்படியானால் சான் ஆண்ட்ரியாஸை முதன்முதலாக விளையாடுகிறவர் பழையதை வாங்குவதா, இந்த டெஃபினிட்டிவ் எடிஷனையா?

வெளியான வாரத்தில் கேட்டிருந்தால் இரண்டாவதைத் தொடவே வேண்டாம் என்றிருப்பேன். மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள், எதிரே வருகிற வண்டி தெரியாது. பாத்திரங்களின் முகங்கள் பலூன் மாதிரி. வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனமே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அப்புறம் திருத்தங்கள் வந்தன, 2024 நவம்பரில் பழைய ஒளியமைப்பை மீட்கிற வசதியும் வந்தது, வானத்துக்குப் பழைய ஆரஞ்சு நிறம் திரும்பியது. இப்போது விளையாடலாம். குறி பார்த்துச் சுடுவது பழையதைவிட எளிது, மிஷனில் தோற்றால் நடுவிலிருந்தே தொடரவும் முடிகிறது. பழைய பிரதி வைத்திருக்கிற நண்பர் யாராவது இருந்தால் அதுவே மேல், ஏனென்றால் உரிமம் முடிந்துபோனதால் ரேடியோவில் சில பாடல்களைப் பிற்பாடு வெட்டிவிட்டார்கள். அந்த ரேடியோ இல்லாமல் பாலைவனத்தில் வண்டி ஓட்டுவது பாதி அனுபவம்தான்.

கேள்வி: சான் ஆண்ட்ரியாஸில் அந்த ரயில் மிஷன்! இன்னும் முடிக்க முடியவில்லை. வழி சொல்லுங்கள்.

ரயிலை ஒட்டி ஓட்டாதீர்கள், அதுதான் எல்லோரும் மாட்டுகிற இடம். பைக்கின் பின்னால் உட்கார்ந்திருக்கிற சிஜேயின் கூட்டாளி பிக் ஸ்மோக்தான் ரயில் மேலே நிற்கிறவர்களைச் சுட வேண்டும், பக்கத்தில் போனால் அவருக்குக் கோணம் கிடைக்காது. கொஞ்சம் விலகி, ரயிலின் வேகத்துக்குச் சமமாக, நேராகப் போங்கள். தோற்றால் ரயிலைத் துரத்தாத உங்களைத்தான் அவர் திட்டுவார், தன் குறியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஃபைவில் இந்த வேதனையே கிடையாது, மூன்று தடவை தோற்றால் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போக விட்டுவிடுகிறார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டால் நல்லதுதான். ஆனால் ஃபைவில் எந்த மிஷனைத் தாண்டினோம் என்று பத்து வருடம் கழித்து யாரும் கடிதம் போடப்போவதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. நண்பர்கள் எல்லாம் ஃபைவ் விளையாடுகிறார்களாம், வாங்கித் தரச் சொல்கிறான். தரலாமா?

வேண்டாம். ஐரோப்பாவில் அதற்கு 18 வயது முத்திரை, அமெரிக்காவில் 17. வெறும் துப்பாக்கிச் சண்டை என்றால்கூடப் பேசிப் பார்க்கலாம், ஃபைவில் ஒரு மனிதனைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்கிற மிஷன் இருக்கிறது, கருவியைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்த வேண்டியது விளையாடுகிறவர்தான். பெரியவர்களுக்கே முகம் சுளிக்கும். சான் ஆண்ட்ரியாஸும் சின்னப் பிள்ளைகளுக்கானதில்லை, அது தனிக்கதை. கார் ஓட்டுவதுதான் பையனுக்குப் பிடித்திருக்கிறது என்றால் ஃபோர்ஸா ஹொரைசன் வாங்கிக் கொடுங்கள். அதிலும் திறந்த உலகம்தான், மேப்பும் பெரியது, யாரையும் சுட வேண்டியதில்லை.

கேள்வி: ஃபைவுக்கு ஏன் கதைத் தொடர்ச்சி எதுவும் விடவில்லை? ஜிடிஏ சிக்ஸாவது சான் ஆண்ட்ரியாஸை எட்டுமா?

முதல் கேள்விக்கு, பணம் எங்கே கொட்டியது என்று பாருங்கள். 2013 அக்டோபரில் தொடங்கிய, பலர் சேர்ந்து இணையத்தில் விளையாடுகிற ஜிடிஏ ஆன்லைன் நிற்காமல் சம்பாதித்துக் கொடுத்தது, ஃபைவ் மொத்தம் 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஜிடிஏ ஃபோருக்கு இரண்டு தனிக்கதைகள் வெளியிட்ட அதே நிறுவனம் ஃபைவின் மூன்று பேருக்கு ஒன்றுகூட வெளியிடவில்லை. கார், பங்களா, ஆயுதம் என்று எல்லாப் புதுச் சரக்கும் ஆன்லைன் பக்கம் போனது. ஃபிராங்க்ளினுக்குத் தனியாக ஒரு கதை கிடைத்திருந்தால் முதல் கடிதத்துக்கு நான் எழுதிய பதில் பாதியாகக் குறைந்திருக்கும்.

சிக்ஸைப் பொறுத்தவரை, அறிவித்திருக்கிற தேதி 2026 நவம்பர் 19. லியோனிடா என்கிற மாநிலம், அதில் வைஸ் சிட்டி, லூசியா, ஜேசன் என்று இரண்டு பேர். இரண்டு பேரும் காதலர்கள் என்பதால் கதை ஆளுக்கொரு பக்கம் சிதறாது என்று ஒரு நம்பிக்கை. டிரெய்லர்களில் சதுப்புநிலம், தீவுகள், சின்ன ஊர்கள் எல்லாம் வருகின்றன. கிராஃபிக்ஸ் பற்றி எனக்குக் கவலை கிடையாது, அது நன்றாகத்தான் இருக்கும். நான் பார்க்கக் காத்திருப்பது ஒரே விஷயம், முதல் நாளே மொத்த மாநிலத்தையும் திறந்துவிடுகிறார்களா, இல்லை கொஞ்ச நாள் ஒரு தெருவில் பிடித்து வைக்கிறார்களா என்பதுதான்.