சிஎம்டி 1ஏ நோய்க்கு வைட்டமின் சி ஏன் பலன் தரவில்லை?

வைட்டமின் சி எலியிடம் பலித்தது, மனிதரிடம் ஏன் பலிக்கவில்லை என்பதுதான் கேள்வி. சிஎம்டி என்பது ஷார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய். அதன் 1ஏ வகையில் 17-ஆம் குரோமோசோமில் பிஎம்பி22 மரபணு ஒரு பிரதி கூடுதலாக இருக்கும். அந்த மரபணு உருவாக்கும் புரதம் மிகுவதால் நரம்பைச் சுற்றிய மயலின் உறை கெடுகிறது.

இத்தாலியிலும் பிரிட்டனிலும் 271 பேரைச் சேர்த்து நடந்த சோதனையின் முடிவு 2011-இல் வந்தது. தினமும் 1.5 கிராம் வைட்டமின் சி, இரண்டு ஆண்டுகள். வெற்று மாத்திரை சாப்பிட்ட குழுவைவிட வைட்டமின் குழு மேலாகவில்லை. தோல் திசுவிலும் பிஎம்பி22 அளவு குறையவில்லை. அதாவது அந்தப் புரதத்தைக் குறைப்பது என்ற இலக்கையே மருந்து தொடவில்லை.

இன்னொரு சிக்கல் அளவுகோல். நோயின் கடுமையைக் காட்டும் 36 புள்ளி மதிப்பெண்ணில் இரு குழுவிலும் சராசரி ஒரு புள்ளிகூட ஏறவில்லை. இவ்வளவு மெதுவாக வளரும் நோயில் நல்ல மருந்தே வந்தாலும் அந்த மதிப்பெண்ணில் தெரியாது. அதனால்தான் இப்போது கெண்டைக்கால் தசையில் கொழுப்பு ஏறுவதை எம்ஆர்ஐயில் அளக்கிறார்கள்; ஓராண்டிலேயே மாற்றம் பிடிபடுகிறது.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு: கை குளிர்ந்திருந்தால் நரம்புக் கடத்தல் வேகம் பொய்யாகக் குறையும், தோல் 32 டிகிரி செல்சியஸாவது இருக்கட்டும். மரபணுக்களின் எழுத்து வரிசையைப் படிக்கும் எக்சோம் சோதனை இந்தக் கூடுதல் பிரதியைத் தவறவிடலாம், மரபணுப் பிரதிகளை எண்ணும் எம்எல்பிஏ சோதனையைக் கேளுங்கள். புற்றுநோய் சிகிச்சை வந்தால் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து கொடுப்பதற்கு முன்பே இந்த நோயைச் சொல்லிவிடுங்கள். அந்த மருந்து நரம்பைக் கடுமையாகத் தாக்கிவிடும்.