இரண்டு பிரபுக்கள் ஏன் எழுந்தார்கள், ஏன் ஐந்தே வாரத்தில் ஓடினார்கள்?

கேள்வி: என் மகள் லண்டனில் ஏ-லெவல் வரலாறு படிக்கிறாள். 1569-இல் முதலாம் எலிசபெத்துக்கு எதிராக வடக்குப் பிரபுக்கள் நடத்திய கிளர்ச்சிக்கு என்ன காரணம், அது ஏன் தோற்றது என்று கட்டுரை. "மதம்தான் காரணம்" என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. எப்படி எழுத வேண்டும்?

பதில்: மதம் என்று எழுதியதில் தப்பில்லை. அதோடு நிறுத்தியதுதான் தப்பு. எலிசபெத் நாட்டைப் புராட்டஸ்டண்ட் வழிக்குத் திருப்பிய 1559 முதலே கத்தோலிக்கர்கள் மனக்கசப்பில்தான் இருந்தார்கள். பத்து வருடம் பொறுத்தவர்கள் 1569 நவம்பரில் ஏன் எழுந்தார்கள்? உங்கள் மகள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தக் கேள்வியைத்தான்.

முதலில் நார்த்தம்பர்லாந்துப் பிரபு தாமஸ் பெர்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய மதத்துக்காக வடக்கில் எழுந்த 1536 கிளர்ச்சியை ஒட்டி அப்பா தூக்கிலிடப்பட்ட குடும்பம். எலிசபெத் ஆட்சியில் அவரிடமிருந்த எல்லைக் காவல் பதவி கைமாறி, அவருக்கு ஆகாத ஜான் ஃபாஸ்டரிடம் போனது. கெஸ்விக் அருகே அவர் நிலத்தில் செம்பு கிடைத்தது. 1568-இல் நீதிமன்றம் அது ராணிக்கே சொந்தம் என்றது. அதே வருடம், எலிசபெத்துக்கு அடுத்த வாரிசு என்று கத்தோலிக்கர்கள் நம்பிய ஸ்காட்லாந்து ராணி மேரி தப்பி வந்து அவருடைய வட்டாரத்தில் கரையிறங்கியபோது, மேரியைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளக் கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை. பக்தி இருந்தது, சரி. சொந்த ஊரிலேயே செல்லாக்காசான வலியும் இருந்தது.

அப்புறம்தான் பொறி. மேரியை நார்ஃபோக் டியூக்குக்கு மணமுடிக்கும் திட்டம் அரண்மனைக்குத் தெரிந்துபோய், அக்டோபரில் நார்ஃபோக் சிறைக்குப் போனார். சிறைக்குப் போகும் முன்பே, "எழ வேண்டாம், என் தலை போய்விடும்" என்ற பொருளில் தம் சகோதரியின் கணவரும் கிளர்ச்சியின் இன்னொரு தலைவருமான வெஸ்ட்மர்லாந்துப் பிரபுவுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். பிறகு இரண்டு பிரபுக்களையும் அரண்மனைக்கு வரச் சொல்லி ஓலை வந்தது. போனால் திரும்பி வருவோமா என்ற பயம். பிரபுக்கள் தயங்கி நின்றபோது, இப்போது பொந்து தேடி ஒளிந்தால் என்றைக்கும் தலைகுனிவு என்ற பொருளில் வெஸ்ட்மர்லாந்தின் மனைவி ஜேன் அழுததாகப் பதிவு இருக்கிறது. எனக்கு இந்தக் கிளர்ச்சியிலேயே மிக உண்மையான காட்சி இதுதான்.

தோல்வியும் இங்கிருந்தே தொடங்குகிறது. பயத்தில் எழுந்தவர்களிடம் திட்டம் இல்லை. நவம்பர் 14-ஆம் தேதி டர்ஹம் பேராலயத்தில் புகுந்து, ஆங்கில பைபிளைக் கிழித்து, பழைய முறைப்படி திருப்பலி வைத்தார்கள். சில ஆயிரம் பேர் பிராமம் மூர் வரை தெற்கே போனார்கள். மேரியை மீட்பதுதான் யோசனை. அரசோ டட்பரியில் காவலில் இருந்த மேரியை இன்னும் தெற்கே கவென்ட்ரிக்கு மாற்றிவிட்டது. டார்பி, கம்பர்லாந்துப் பிரபுக்கள் சேரவில்லை. ஸ்பெயின் உதவி வரும் என்று ஹார்ட்டில்பூல் துறைமுகத்தைப் பிடித்தார்கள், கப்பல் வரவில்லை. பார்னார்ட் கோட்டையில் மட்டும் வெற்றி. அங்கே ஒரே நாளில் ராணி தரப்பு வீரர்கள் இருநூறு பேருக்கு மேல் மதிலிலிருந்து குதித்துக் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்தார்கள் என்பதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். சாமானியரிடம் ஆதரவே இல்லை என்று எழுதிவிடாமல் இருக்க அது உதவும். தெற்கிலிருந்து பெரும் படை நெருங்கியதும், டிசம்பர் 20 வாக்கில் இருவரும் ஸ்காட்லாந்துக்கு ஓடிவிட்டார்கள்.

ஆகவே காரணங்களுக்கு ஒரு பாதி, தோல்விக்கு ஒரு பாதி என்று கட்டுரையைப் பிரிக்க வேண்டாம். அவசரத்தில் எழுந்தார்கள், அந்த அவசரத்தாலேயே தோற்றார்கள் என்று ஒரே இழையாகக் கொண்டுபோகட்டும்.

இன்னொன்று. எலிசபெத்தை மதவிலக்கம் செய்த போப்பின் ஆணையைக் காரணங்களில் சேர்த்து நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அதன் தேதி 1570 பிப்ரவரி 25. பிரபுக்கள் ஓடி இரண்டு மாதம் ஆகியிருந்தது.