பதின்மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு வெற்றுப் பக்கம்

கேள்வி: எங்கள் கோயில் கும்பாபிஷேக மலரை லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் நானே பக்கம் அமைத்தேன். வீட்டில் தாளின் இருபுறமும் பிரின்ட் எடுத்துப் பார்த்தேன், பக்க எண்கள் வெளி ஓரத்தில் சரியாக நின்றன. பிடிஎஃப் ஆக்கி அச்சகத்தில் கொடுத்தேன். வந்த புரூஃபில் ஆசியுரை, வாழ்த்துச் செய்தி எல்லாம் சரி. கட்டுரைகள் தொடங்கியதும் எண்கள் மடிப்புக்குள் போய்விட்டன. இரண்டு பக்கத்துக்கு விரித்த கோணேசர் மலைப் படம் தாளின் முன்னும் பின்னுமாகப் பிரிந்து கிடக்கிறது. அச்சகக்காரர், ‘தந்ததைத்தான் போட்டோம்’ என்கிறார். பிழை யாருடையது?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அச்சகக்காரர் சொல்வது சரி. உங்கள் பிடிஎஃப்பில் ஒரு பக்கம் குறைகிறது. முன்பகுதிக்கு ரோம எண் போட்டு, கட்டுரைகளை மறுபடி 1இலிருந்து தொடங்கியிருப்பீர்கள். அந்த முன்பகுதி 11, 13 போன்ற ஒற்றை எண்ணில் முடிந்திருக்கும். 13 என்றே வைத்துக்கொள்வோம்.

தமிழ்ப் புத்தகத்தின் முதல் பக்கம் வலது கைப்பக்கம் வரும். அதன் முதுகில் 2, எதிரே வலப்பக்கம் 3. ஆகவே ஒற்றை எண் எப்போதும் வலது, இரட்டை எண் எப்போதும் இடது. இது மென்பொருள் வைத்த சட்டமல்ல, தாளுக்கு இரண்டு முகம் இருப்பதால் வருவது. 13 வலப்பக்கம். அடுத்தது அதன் முதுகு, அதாவது இடப்பக்கம். ஆனால் நீங்கள் அடுத்ததை 1 ஆக்கச் சொல்லிவிட்டீர்கள். 1 இடப்பக்கம் நிற்க ரைட்டர் விடாது. சத்தமில்லாமல் நடுவே ஒரு வெற்றுப் பக்கத்தைச் செருகிவிடும். பக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்க்கும்போது அது திரையில் தெரியாது.

சிக்கல் இங்கேதான். அந்த வெற்றுப் பக்கத்தைப் பிரின்ட் செய்யவா என்பது ஒரு தெரிவு, பிடிஎஃப்பில் சேர்க்கவா என்பது வேறொரு தெரிவு. உங்கள் கணனியில் முதலாவது இயங்கியிருக்கிறது, இரண்டாவது இல்லை. ‘எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்’ பெட்டியில் ‘ஆட்டோமேட்டிக்கலி இன்சர்ட்டட் பிளாங்க் பேஜஸ்’ என்று வரும் வரிக்கு அடையாளமிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். முடிந்தது.

ஆனால் நானாக இருந்தால் அதை மென்பொருளிடம் விடமாட்டேன். 14ஆம் பக்கத்தில் கோயிலின் படம் ஒன்றையோ நன்றியுரையையோ வைத்துவிடுவேன். முன்பகுதி இரட்டையில் முடிந்தால் ரைட்டருக்குச் செருக வேலையே இல்லை.

மலைப் படத்துக்கு வருவோம். இரு பக்கப் படம் இரட்டை எண்ணில்தான் தொடங்க வேண்டும்: 24–25 சரி, 25–26 தவறு. 25இன் முதுகுதான் 26, இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. இன்னொன்றும் பாருங்கள். படத்தின் நட்டநடுவில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருந்தால் பைண்டிங் அதை விழுங்கிவிடும். படத்தைச் சற்று நகர்த்தி, வெட்டு முழுவதும் ஒரே பக்கத்தில் விழும்படி வையுங்கள்.

ஓரங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘பேஜ் ஸ்டைல்’ பெட்டியில் ‘மிரர்ட்’ தெரிவு செய்தால் இடது, வலது என்றிருந்த ஓரங்கள் உள், வெளி என்று மாறும். நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஏ5 புத்தகத்தைப் பசை போட்டு ஒட்டுவதானால் உள்ளே 20 மி.மீ., வெளியே 15 மி.மீ. விடுவது என் வழக்கம். மேல் தலைப்பில் ‘சேம் கொன்டென்ட் ஒன் லெஃப்ட் அன்ட் ரைட் பேஜஸ்’ என்ற வரியின் அடையாளத்தை எடுத்தால்தான் இரு பக்கத்துக்கும் வேறு வேறு தலைப்புக் கொடுக்கலாம்.

வேர்டில் செய்பவர்கள் ‘டிஃபரன்ட் ஓட் அன்ட் ஈவன் பேஜஸ்’ என்பதைத் தேடுங்கள். அது முழுக் கோப்புக்கும் பொருந்தும், ஒரு பகுதிக்கு மட்டும் போட முடியாது. இன்டிசைனில் ‘ஃபேசிங் பேஜஸ்’ போட்டாலே பாதி வேலை முடியும்.

சிலர் ஒவ்வொரு வாழ்த்துச் செய்தியும் வலப்பக்கத்திலேயே தொடங்க வேண்டும் என்பார்கள். ஒரு பக்கச் செய்தி பதினான்கு இருந்தால் 28 பக்கம் போகும், அதில் பாதி வெற்றுப் பக்கம். கோயில் காசு! முதல் ஆசியுரையும் முதல் கட்டுரையும் வலப்பக்கம் வந்தால் போதும். மலர் சிறியது, நடுவில் பின் அடிக்கப் போகிறீர்கள் என்றால் மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும்.

நானும் ஒருமுறை, ஒரு பாடசாலை மலருக்கு, கடைசி இரவில் ஒரேயொரு படப் பக்கத்தை நடுவே செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அதற்குப் பின்னால் வந்த பக்கமெல்லாம் இடம் மாறி அச்சாகிவிட்டது. பிழை முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து பிடிஎஃப்பை அனுப்புமுன் நாலு ஏ4 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, 16 பக்கத்துக்கும் பென்சிலால் எண் போட்டு மேசையில் வைத்துக்கொள்கிறேன். திரையிலும் அட்டைப் பக்கம் தனியாக நிற்கும்படி இரு பக்கக் காட்சியைத் திறந்து, ஒவ்வொரு விரிப்பாகப் புரட்டுவேன். வலப்பக்கம் ஓர் இரட்டை எண் கண்ணில் பட்டால் அதற்கு முந்திய பக்கங்களில்தான் கோளாறு.