200 வெள்ளி மிச்சம் இருக்கு, எந்த ஆர்பிஜி கேம் வாங்கலாம்?

சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்லருந்து ஒரு தம்பி கேட்டுருக்காரு. செம்பனை மில்லுல ஷிப்ட் வேலை, போன மாசம் ஓவர்டைம் நல்லா கெடச்சதுல வீட்டுக்குக் குடுத்தது போக 200 வெள்ளி கையில நிக்குது, ஒரு நல்ல ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமா மாறி கதைக்குள்ள போயி ஆடற கேம், வாங்கணும், விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3, எல்டன் ரிங், பெர்சோனா 5 ராயல் இந்த நாலுல எதுன்னு முடிவு பண்ண முடியல. லேப்டாப்புல கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650, ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி. வீட்ல வைஃபை இல்ல, போன் ஹாட்ஸ்பாட் மட்டும்தான். 13 வயசுல ஒரு தம்பி இருக்கான், லேப்டாப்ப தொறந்தாலே பக்கத்துல வந்து ஒட்டிக்குவானாம். "அண்ணே, ஒன்னுதான் வாங்க முடியும், சரியில்லாதத வாங்கிட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது, சுத்தி வளைக்காம சொல்லுங்க"ன்னு முடிச்சிருக்காரு.

சொல்லிட்றேன் தம்பி. விட்சர் 3, கம்ப்ளீட் எடிஷன், தள்ளுபடி விழும்போது வாங்கு. மிச்சக் காச ரேமுக்கு எடுத்து வை. ஏன்னு இப்ப விளக்கமா சொல்றேன், ஏன்னா காரணம் புரிஞ்சாதான் நாளைக்கு வேற கேம் கண்ணுல பட்டாலும் நீயே கணக்குப் போட்டுக்கலாம்.

நீ கேட்ட நாலுமே அருமையான கேமு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, பால்டர்ஸ் கேட் 3 வெளிவந்த 2023லயும் எல்டன் ரிங் வந்த 2022லயும் கேம் அவார்ட்ஸ்ல அந்தந்த வருஷத்தோட சிறந்த கேம்னு பரிசு வாங்குனது அதுங்கதான். அதனால எது பெஸ்ட்னு யூடியூப்ல தேடித் தேடிப் பாத்தா உனக்கு ஒரு பதிலும் கெடைக்காது, ஒவ்வொருத்தனும் அவன் வீட்டு பிசிய வச்சு, அவன் நேரத்த வச்சுப் பேசுவான். உன் லேப்டாப்புல ஓடுமா, உன் லைன்ல எறங்குமா, நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்கி எழுந்து கெடைக்கிற ஒரு மணி ஒன்றரை மணி நேரத்துல அத ஆட முடியுமா, இந்த மூணையும் பாரு.

மொதல்ல எல்டன் ரிங். அதுக்கு குறைஞ்சபட்சமே 12 ஜிபி ரேம் வேணும்னு கேம் பண்ணவங்களே போட்டுருக்காங்க, உன்கிட்ட 8தான். அப்படி இப்படின்னு ஓட வச்சாலும் சண்டை நடுவுல ஒரு செகண்ட் திக்குனா அந்தக் கேம்ல நீ செத்த, அது உன் திறமைக் குறைவு இல்ல, மெஷினு. இன்னொன்னு, இத யாரும் வாங்கறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டாங்க, எல்டன் ரிங்ல சாதாரணமா ஆட்டத்த நடுவுல நிறுத்தி வைக்க முடியாது. மெனுவ தொறந்தாலும் எதிரி வந்து அடிச்சிக்கிட்டுத்தான் இருப்பான். அம்மா பின்னாலருந்து கேஸ் தோம்பு தீந்துருச்சு எடுத்துட்டு வாடான்னு கூப்புட்டா, சூப்பர்வைசர் போன் பண்ணி ஒரு ஆளு வரல நீ வர முடியுமான்னு கேட்டா, அந்தப் பெரிய எதிரியோட சண்டைய அப்படியே விட்டுட்டு எந்திரிக்க வேண்டியதுதான். குடும்பத்தோட ஒரே ஹாலுல இருக்கறவனுக்கு இது பெரிய விஷயம். ரேம் போட்டப்பறம், தனியா ரூம் இருக்கும்போது ஆடு, அது எங்கயும் ஓடிப் போகாது.

பால்டர்ஸ் கேட் 3 டர்ன் பை டர்ன், நீ யோசிக்கற வரைக்கும் எதிரி காத்துக்கிட்டு நிப்பான், எப்ப வேணா சேவ் பண்ணலாம், அந்த வகையில ஷிப்ட்காரனுக்கு தோதான கேமுதான். ஆனா எடத்த பாரு, 150 ஜிபி. அதுவும் எஸ்எஸ்டியில. உன் 512ல விண்டோஸ் போக, போட்டோ வீடியோ போக மூணுல ஒரு பங்க இது ஒன்னே புடிச்சிக்கும். கிராபிக்ஸ் கார்டும் குறைஞ்சது ஜிடிஎக்ஸ் 970 கேக்குது, உன் 1650 அதுக்கு கொஞ்சம் கீழதான் நிக்குது, கதையோட மொத ரெண்டு பாகம் செட்டிங்கக் குறைச்சு சமாளிச்சிடலாம், மூணாவது பாகத்துல பெரிய நகரத்துக்குள்ள நுழையும்போது நல்ல பிசியே மூச்சு வாங்குது. அறுபது எழுபது மணி நேரம் ஆடிட்டு கதையோட உச்சத்துல போய் லேப்டாப் திணறுனா மனசு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு. அதனாலதான் இப்ப வேணாங்கறேன். இந்த மாதிரி ஆட்டம் உனக்குப் புடிக்குமான்னு தெரிஞ்சிக்க ஆசையா இருந்தா, பால்டர்ஸ் கேட் 3 செஞ்ச அதே லாரியன் கம்பெனி 2017ல விட்ட டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 இருக்கு, 4 ஜிபி ரேம்ல இருந்தே ஓடும்னு போட்டுருக்கான், தள்ளுபடியில நல்லா எறங்கும்.

பெர்சோனா 5 ராயல் உன் லேப்டாப்புல சுகமா ஓடும். 41 ஜிபிதான். ஆனா கதை மட்டும் நூறு மணி நேரத்துக்குப் பக்கம் போகும், பள்ளிக்கூட காலண்டர்ல ஒவ்வொரு நாளா நகரும், ஆரம்பத்துல ரொம்ப நேரம் சொல்லிக் குடுத்துக்கிட்டே இருக்கும், படிக்கறதுக்கு எக்கச்சக்கமா இங்லீஷ். பேலஸ்னு சொல்ற பெரிய எடங்கள்ல சேஃப் ரூம் வந்தாதான் சேவ் பண்ண முடியும். வாரத்துல நாலு நாள் ஆடி, அடுத்த வாரம் நைட் ஷிப்ட்ல ஒரு நாளும் ஆடாம, திரும்பி வந்து பாத்தா யாரு எவன்னே மறந்துருக்கும். லீவு நெறைய இருக்கறவனுக்கு நான் கண்ண மூடிட்டு இதத்தான் சொல்வேன்.

இப்ப விட்சர் 3க்கு வர்றேன். 2015 மே மாசம் வந்த கேமு, பழசுன்னு நெனைக்காத, 2022 டிசம்பர்ல கம்பெனியே இலவசமா புதுப்பிச்சிக் குடுத்துச்சு. வந்தப்ப கேட்டது ஜிடிஎக்ஸ் 660, 6 ஜிபி ரேம், அதனால உன் மெஷின் தாராளமா தாங்கும், ஒன்னே ஒன்னு கவனம், கேம தொறக்கும்போது டைரக்ட்எக்ஸ் 11ஆ 12ஆன்னு கேக்கும், நீ 11 போடு. 12 புது வெளிச்ச வேலைக்காக வச்சது, 1650ல அது வெறும் பாரம். ஹேர்வர்க்ஸ்னு ஒன்னு இருக்கும், முடிய ஒன்னொன்னா அசைக்கும், அத ஆஃப் பண்ணிடு, டெக்ஸ்சர ஹைல வச்சிப் பாரு, திக்குனா மீடியம். முன்னாடி வந்த ரெண்டு பாகமும் ஆடணுமான்னு பயப்படாத, தேவையே இல்ல, கதை புரியும். சண்டை கஷ்டமா இருந்தா இருக்கறதுலயே லேசான லெவல்ல வச்சிக்கோ, அதுல ஒரு வெக்கமும் இல்ல, நீ வேலை செஞ்சு களைச்சு வந்து ஆடறவன்.

சண்டை இல்லாத நேரத்துல கிட்டத்தட்ட எங்க வேணா சேவ் பண்ணலாம், நடுவுல நிறுத்தியும் வைக்கலாம். அதவிட முக்கியமா அந்தக் கேம் துண்டு துண்டா இருக்கு, அதான் எனக்கு அது மேல இவ்ளோ பிரியம். ஆரம்பிக்கிற கிராமத்துலயே ஒரு கெழவி குடிசை வாசல்ல நின்னுக்கிட்டு என் வாணலிய வாங்கிட்டுப் போனவன் உள்ள பூட்டிட்டுப் போயிட்டான், எடுத்துக் குடு ராசான்னு கேக்கும். கதவ உடைச்சு உள்ள போயி, அங்க கெடக்கற சாமானப் பாத்து என்ன நடந்துச்சுன்னு கண்டுபுடிச்சு, வாணலிய குடுத்துட்டு வரணும், அஞ்சு பத்து நிமிஷம்தான். ஒரு வாணலிக்குக் கூட ஒரு கதை வச்சிருக்கானுங்க. ஒரு ராத்திரிக்கு இப்படி ஒன்னு ரெண்டு முடிச்சாலே வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும், மறுநாள் மறந்துட்டாலும் எங்க போகணும்னு மேப்புல போட்டே வச்சிருப்பான்.

அப்பறம் வெலன்னு ஒரு சேத்து நெலம் வரும், போர்ல அழிஞ்ச ஊரு, அங்க பாரன்னு ஒருத்தன், பொண்டாட்டியும் மவளும் காணாம போயிட்டாங்க தேடிக் குடுன்னு கேப்பான். தேடப் போகப் போக அவன் குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய அடிச்சவன்னு வெளிய வரும். அவன வெறுத்துட்டுப் போயிடலாம்னு பாத்தா அவன் அழுவான், பாவம்னு நெனச்சா அந்தப் பொம்பள பட்டது கண்ணு முன்னாடி நிக்கும், நீ என்ன முடிவு எடுத்தாலும் எல்லாருக்கும் நல்லதா அமையாது. சம்சு குடிச்சு அழிஞ்ச குடும்பத்த தோட்டத்துல பாத்து வளந்தவங்களுக்கு அந்தக் கதை வேற மாதிரி உள்ள எறங்கும். போலந்து நாட்டுக்காரங்க செஞ்ச கேமு, அதுல நம்ம லயத்துல நடந்தது இருக்கு. ஒரு ஆர்பிஜிக்கு காசு குடுக்கறதே இதுக்குத்தான்னு நான் நெனைக்கிறேன், கிராபிக்ஸுக்கு இல்ல.

கம்ப்ளீட் எடிஷன்ல ரெண்டு எக்ஸ்பேன்ஷனும், அதாவது கூடுதல் கதையும், சேந்து வரும், ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், பிளட் அண்ட் வைன், ஒன்னு பத்து மணி நேரம் இன்னொன்னு இருபது மணி நேரம்னு கம்பெனி அப்பவே சொன்னது, மெயின் கதை அம்பது மணி நேரம் பக்கம். உன் வேகத்துக்கு பல மாசத்துக்கு வரும்.

தம்பிப் பயல் விஷயத்துக்கு வருவோம். விட்சர் 3 பதினெட்டு வயசுக்கு மேல, சும்மா போட்ட நம்பர் இல்ல, ரத்தமும் இருக்கு, படுக்கையறைக் காட்சியும் இருக்கு, அம்மா ஹாலுல இருக்கும்போது தர்மசங்கடமாயிடும். பால்டர்ஸ் கேட் 3ம் அப்படித்தான், அதுலயாச்சும் நிர்வாணத்த மறைக்கற செட்டிங் இருக்கு. அதனால விட்சர அவன் தூங்குனப்பறம் ஆடு. அவன் வெறுங்கையோட போக வேணாம், டிராகன் குவெஸ்ட் 11 எஸ்ஸுக்கு பிசி கேம் விக்கற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல இலவச டெமோ இருக்கு, பல மணி நேரம் ஆடலாம், சின்னப் பசங்களுக்கு ஏத்த கதை, பின்னாடி கேம வாங்குனா டெமோவுல விட்ட எடத்துலருந்தே தொடரலாம். இலவசம்தானேன்னு கென்ஷின் இம்பாக்ட் மட்டும் அவன் கையில யோசிக்காம குடுத்துடாத. நல்ல கேமுதான், ஆனா கேரக்டர் எடுக்கறது குலுக்கல் மாதிரி, உன் ஈவாலட் அவன் ஆடற போன்ல இருந்தா 200 வெள்ளி எங்க போச்சுன்னு தேட வேண்டியதுதான்.

வாங்கற விதம்தான் இனி. கேம இன்னிக்கே விஷ்லிஸ்ட்ல போட்டு வை, தள்ளுபடி வந்தா ஸ்டீமே ஈமெயில் அனுப்பும். பெரிய சேல் ஜூன் கடைசி பக்கமும் டிசம்பர் கடைசியிலயும் கண்டிப்பா வரும், நடுவுலயும் சின்னச் சின்னதா வரும். விட்சர் 3 அடிக்கடி பாதி விலைக்குக் கீழ எறங்கற கேமு, முழு விலை குடுக்காத. ஆன்லைன்ல அடிமாட்டு விலைக்கு ஸ்டீம் அக்கவுண்டு விக்கறவங்கள பாத்தா தள்ளியே நில்லு, ஒரே அக்கவுண்ட பத்துப் பேருக்கு விப்பாங்க, பாஸ்வேர்ட் மாத்துனா போச்சு, கேம் உன் பேர்ல எப்பவுமே இருக்காது.

ரீஃபண்ட் கணக்க நல்லா மனசுல வச்சிக்கோ. வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா எந்தக் காரணமா இருந்தாலும் காசு திரும்பி வரும். அந்த 14 நாள் வாங்குன நிமிஷத்துலருந்து ஓட ஆரம்பிச்சிடும், டவுன்லோட் முடிஞ்ச நாள்லருந்து இல்ல. ஹாட்ஸ்பாட்ல தெனம் கொஞ்சமா எறக்குனா ஆடிப் பாக்கறதுக்குள்ளயே ரீஃபண்ட் நாள் முடிஞ்சிரும். போன் பிளான்ல அன்லிமிட்டட்னு இருந்தாலும் ஹாட்ஸ்பாட்டுக்கு தனிக் கோட்டா வச்சிருக்காங்களான்னும் பாத்துக்கோ. டவுன்ல ஃபைபர் லைன் இருக்கற சொந்தக்காரங்க வீட்டுக்கு ஒரு ஆஃப் டே அன்னிக்கு லேப்டாப்ப தூக்கிட்டுப் போயி, அங்க உக்காந்து வாங்கி, அங்கயே எறக்கி, அங்கயே அரை மணி நேரம் ஓட்டிப் பாரு. ஏற்கனவே அந்தக் கேம் வச்சிருக்கற கூட்டாளி இருந்தா இன்னும் சுலபம், ரெண்டு லேப்டாப்பும் ஒரே வைஃபைல இருந்தா ஸ்டீம் அவன் மெஷின்லருந்தே கோப்புகள இழுத்துக்கும், நெட்லருந்து எறக்க வேண்டியது ரொம்பக் கம்மி, ஆனா உன் அக்கவுண்ட்லயும் கேம் வாங்கியிருக்கணும். வீட்டுக்கு வந்தப்பறம் ஆஃப்லைன் மோட்ல போட்டு ஆடு, லைன் போனாலும் கவலை இல்ல.

ரேமுக்குப் போறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர தொறந்து பெர்ஃபார்மன்ஸ்ல மெமரிய அமுக்கு, ஸ்லாட் ரெண்டுல ஒன்னுதான் ஓடுதுன்னு காட்டுனா உனக்கு யோகம், இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சொருகுனா போதும், விட்சரும் சீராகும், பின்னாடி எல்டன் ரிங்குக்கும் வழி பொறக்கும். ரெண்டும் நெறஞ்சிருந்தா செலவு கூடும், அப்ப அவசரப்படாத. ரேம் விலை மாசத்துக்கு மாசம் ஏறி எறங்குது, அதனால ஈப்போவுல ரெண்டு மூணு கடையில விசாரிச்சிட்டு, ஸ்க்ரீன்ல காட்டுற வேகத்த போன்ல போட்டோ புடிச்சு எடுத்துட்டுப் போ, கடைக்காரர்கிட்ட அதக் காட்டியே கேளு.